குதிரைக்கு நாவளித்த நங்கை

எங்கள் பாடசாலை நூலகத்திலே 'சிறுவர் பகுதி' என்று எழுதி ஒட்டிய ஓர் அலுமாரி உண்டு. அதன் இரண்டாம் தட்டில், முதுகு கிழிந்து, நூலால் தைத்து, மீண்டும் அட்டை கட்டப்பட்ட ஓர் ஆங்கில நூல் இருக்கிறது. 'பிளாக் பியூட்டி' என்பது அதன் பெயர். ஒரு கறுப்புக் குதிரை தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எடுத்துரைப்பதாக அமைந்தது அந்நூல். அதனை நான் சிறு பிராயத்திற் படித்தேன். ஆசிரியனாகிய பின்னர்ப் பரிசளிப்பு விழாக்களிலே பிள்ளைகளுக்குப் பரிசாக வழங்கினேன். அதிபராகிய பின்னர் அதனைச் சிறுவர் அலுமாரியில் வைக்கும்படி நானே பணித்தேன். அண்மையில் ஒரு விடுமுறை நாளிலே அதனை எடுத்து முதலிலிருந்து முடிவு வரை மீண்டும் படித்தேன். படித்து முடித்தபோது, வைக்க வேண்டிய இடத்தில் அந்நூலை நான் வைக்கவில்லையோ என்ற ஐயம் என் உள்ளத்தில் எழுந்தது. அந்த ஐயம் எவ்வாறு எழுந்தது என்பதையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

நூலை எழுதியவர் அன்னா சூவெல் என்னும் ஆங்கில மாது. குதிரைக் கதை எழுதிய குழந்தை எழுத்தாளர் என்றே உலகம் அவரை அறியும். ஆயினும் அவர் எழுதி வெளியிட்ட நூல் அஃது ஒன்றே. அதுவும் குழந்தைகளுக்கென எழுதப்பட்டதன்று. இவ்விரு செய்திகளையும் மனத்திற் கொண்டு அவருடைய வரலாற்றைப் பார்ப்போமாக.

அன்னா 1820 ஆம் ஆண்டு மார்ச் 30 ஆம் திகதி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிரேட் யார்மத் என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் ஐசாக் சூவெல், தாயார் மேரி. பிலிப் என்ற தம்பி ஒருவர் இருந்தார். குவேக்கர் எனப்படும் சமயக் குழுவினைச் சேர்ந்த குடும்பம் அது. ஆடம்பரம் தவிர்த்தல், உண்மை பேசுதல், எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாமை ஆகியவை அக்குழுவினர் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்படும் ஒழுக்கங்கள். தந்தையாருக்கு வியாபாரம் கைகொடுக்கவில்லை. நட்டத்தின் மேல் நட்டம் வரவே, குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்தது. பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் பொறுப்பைத் தாயே ஏற்றுக்கொண்டார். நோர்போக் மாவட்டத்தில் பக்ஸ்டன் என்ற ஊரிலே, தாயாரைப் பெற்றவர்களுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே சென்று தங்கும் நாட்களில் அன்னா குதிரையேற்றம் பழகினார்.

பதினான்காம் வயதில் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்ட நிகழ்ச்சி நேர்ந்தது. ஒருநாள் பாடசாலையிலிருந்து திரும்பும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. நனையாமல் வீடு சேரவேண்டும் என்று ஓடிய சிறுமி, வழியில் சறுக்கி விழுந்து இரு கணுக்கால்களையும் ஊறுபடுத்திக்கொண்டாள். அக்காலத்து வைத்தியம் அந்த ஊற்றைக் குணப்படுத்தவில்லை. மேலும் கெடுத்தது என்றே வரலாறு எழுதியோர் கருதுகின்றனர். அன்று தொட்டு அவரால் ஊன்றுகோலின்றி நெடுநேரம் நிற்கவோ, நெடுந்தூரம் நடக்கவோ இயலவில்லை. ஜெர்மனி தேசத்து நீர்ச் சிகிச்சை நிலையங்களுக்கெல்லாம் சென்று பார்த்தார். சில காலம் குணங் காணும். மீண்டும் நோய் தலைதூக்கும்.

கால் வழங்காத ஒருவருக்கு அந்நாளில் உலகத்தோடு தொடர்பு வேண்டுமாயின், அதற்கு ஒரே வழி குதிரை வண்டிதான். அன்னா தாமே வண்டியோட்டக் கற்றார். லான்சிங் என்ற ஊரில் வாழ்ந்த காலத்தில், வங்கியிலே பணியாற்றிய தந்தையாரைச் சிறு வண்டியில் ஏற்றிக்கொண்டு புகையிரத நிலையத்திற்குக் கொண்டுசென்று விடுவதும் அழைத்துவருவதும் அவருடைய அன்றாடக் கடமைகளாயின. அவர் வண்டியோட்டிய முறையை அருகிலிருந்து பார்த்த குடும்ப நண்பர் ஒருவர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். கடிவாள வாரை அவர் இறுக்கிப் பிடிப்பதில்லையாம். கையில் இலேசாக வைத்திருப்பாராம். வேண்டியதையெல்லாம் குதிரையோடு பேசிப் பேசியே பெற்றுக்கொள்வாராம். தம்முடைய கால்கள் செய்யவேண்டிய பணியை நெடுங்காலமாகக் குதிரைகளின் கால்களிடம் கடன் வாங்கி வாழ்ந்தவர் அவர். அந்தக் கடனை அடைக்க எழுதிய நூலே 'பிளாக் பியூட்டி' என்று சொன்னால் மிகையாகாது.

அக்காலத்து இங்கிலாந்திலே குதிரைகளின் நிலை எவ்வாறிருந்தது என்பதையும் சிறிது நோக்குதல் வேண்டும். புகையிரதம் வந்ததும் குதிரைகளுக்கு ஓய்வு கிடைத்திருக்கும் என்று நாம் எண்ணக்கூடும். நடந்தது அதற்கு நேர்மாறானது. புகையிரதம் மக்களையும் பண்டங்களையும் நிலையம் வரைதான் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து வீட்டுக்கும் கடைக்கும் தொழிற்சாலைக்கும் கொண்டுசெல்லக் குதிரை வேண்டும். புகையிரதப் பாதைகள் பெருகப் பெருகக் குதிரைகளின் தேவையும் பெருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியாவில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் உழைத்தன என்பது பொருளாதார வரலாற்றாசிரியர் மதிப்பீடு.

குதிரைகளைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1822 ஆம் ஆண்டிலேயே, குதிரை, மாடு, ஆடு முதலியவற்றைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்கும் சட்டமொன்றைப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 1824 ஆம் ஆண்டில் மிருக வதையைத் தடுப்பதற்கான சங்கமும் இலண்டனில் தோன்றியது. ஆயினும் சட்டம் எதனைக் காணும்? நடுத்தெருவில் சவுக்கால் அடிப்பவனைக் காணும். அழகு என்ற பெயராலும், அவசரம் என்ற பெயராலும், அறியாமையாலும் செய்யப்படும் கொடுமையைச் சட்டத்தின் கண் காண்பதில்லை. சட்டம் காணாத அந்தக் கொடுமையைக் காட்டுவதற்கே அன்னா எழுதுகோலை எடுத்தார்.

1871 ஆம் ஆண்டில் அவர் நூலைத் தொடங்கினார். அப்பொழுது குடும்பம் நோரிச் நகருக்கு அண்மையிலுள்ள ஓல்ட் கட்டன் என்ற ஊரில் வாழ்ந்தது. அன்னாவுக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. நோய் முற்றி, வீட்டை விட்டு வெளியே செல்வதும் அரிதாயிற்று. வண்டியோட்டிய கைகள் சாய்மணைக் கட்டிலில் ஓய்ந்து கிடந்தன. எழுத இயன்ற நாட்களில் சிறு காகிதத் துண்டுகளிலே பென்சிலால் எழுதுவார்; எழுதவும் இயலாத நாட்களில் வாயாற் சொல்லுவார். தாயார் அவற்றைச் செம்மையாகப் பெயர்த்தெழுதுவார். தாயார் மேரியும் எழுத்தாளரே. உழைக்கும் மக்களுக்கென எளிய கதைப்பாட்டுக்கள் இயற்றிப் புகழ் பெற்றவர் அவர். 1860 இல் வெளியான அவருடைய பாட்டு நூலொன்று பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. தாயின் எழுத்துக்களுக்கெல்லாம் முதல் வாசகராகவும் திருத்துநராகவும் இருந்தவர் மகள். இப்பொழுது மகளுக்குத் தாய் எழுத்தராயினார். இவ்வாறு ஆறாண்டு காலம் துண்டு துண்டாக வளர்ந்தது அந்நூல்.

நூலின் நோக்கத்தை அன்னாவே குறித்து வைத்திருக்கிறார். குதிரைகளை அன்போடும் இரக்கத்தோடும் அவற்றின் இயல்பறிந்தும் நடத்தும்படி மக்களைத் தூண்டுவதே தம் கருத்து என்கிறார். அதனைத் தொடர்ந்து அவர் கூறுவதே நாம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. வாடகை வண்டிக் குதிரைகளைப் பற்றிச் சிந்திக்கப் புகுந்த தாம், அதன் வழியே வண்டிக்காரர்களைப் பற்றியும் சிந்திக்க நேர்ந்தது என்கிறார். ஒரு நாள் அவர் வீட்டு வாயிலில் வண்டிக்காரர் ஒருவர் காத்து நின்றார். திறந்திருந்த சாளரத்தினூடாக அன்னா அவரோடு உரையாடினார். வாரத்தின் ஏழு நாட்களும் உழைக்க நேரும் தம் அவல நிலையை அவர் எடுத்துச் சொன்னார். கட்டிலிற் கிடந்த மாதின் உள்ளத்தில் அந்த உரையாடல் ஆழப் பதிந்தது. நூலின் மிகச் சிறந்த பகுதிகள் இந்தச் சாளரத்தின் வழியாக வந்தவையே.

இனிக் கதைக்கு வருவோம். பிளாக் பியூட்டி என்பதற்குக் கரிய அழகன் என்பது பொருள். அவனை நாம் கரியழகன் என்றே அழைக்கலாம். பசும்புல் வெளியிலே தாய்க் குதிரையோடு பிறந்து வளர்ந்த அவன், கோர்டன் என்னும் நல்ல பிரபு ஒருவரின் இலாயத்தை அடைகிறான். ஜோன் மான்லி என்ற நல்ல குதிரைக்காரர் அவனைப் பேணுகிறார். ஜிஞ்சர் என்ற செந்நிறப் பெண் குதிரையும், மெரிலெக்ஸ் என்ற மட்டக்குதிரையும் அங்கே அவனுடைய தோழர்கள். பிறகு எசமானரின் மனைவிக்கு நோய் வர, குடும்பம் நாடு விட்டுப் போகிறது. குதிரைகள் விலை போகின்றன. அதன்பின் கரியழகன் கைமாறிக் கைமாறி, சீமான் வீட்டு வண்டி, வாடகைக் குதிரை நிலையம், இலண்டன் தெருக்களின் வாடகை வண்டி, மூட்டை வண்டி என்று படிப்படியாகக் கீழிறங்குகிறான். முடிவிலே, தெருவில் விழுந்து, மீண்டும் எழுந்து, நல்லோர் கையை அடைகிறான். நாற்பத்தொன்பது சிறு அத்தியாயங்களில் கதை முடிகிறது.

இக்கதையிலே குதிரையை வருத்துபவர் யார்? சவுக்கெடுத்த கொடியவர் சிலர் வருவது உண்மையே. ஆயினும் அன்னாவின் பார்வை அவர்களோடு நின்றுவிடவில்லை. ஒரு கொடுமையைக் கண்டால், அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு அவர் மேல்நோக்கிச் செல்கிறார். இதற்கு மூன்று எடுத்துக்காட்டுக்களைக் கூறுவேன்.

முதலாவது, தலையை இழுத்துக் கட்டும் வார். அக்காலச் சீமான்களும் சீமாட்டிகளும், தம் வண்டிக் குதிரைகள் தலையை வானோக்கி நிமிர்த்தி, கழுத்தை வளைத்துக்கொண்டு ஓடுவதையே அழகெனக் கருதினர். அதற்காக, கடிவாளத்தின் வாயிரும்பிலிருந்து ஒரு குட்டை வாரைத் தலைவழியே கொண்டுவந்து, முதுகுச் சேணத்திலுள்ள கொக்கியில் மாட்டி இழுத்துக் கட்டினர். சுமை வண்டி இழுக்கும் எருது மேட்டில் ஏறும்போது என்ன செய்கிறது என்பதை நாம் கண்டிருக்கிறோம். தலையைத் தாழ்த்தி, நுகத்திலே கழுத்தைக் கொடுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் முன்னே சாய்த்து உந்துகிறது. குதிரைக்கும் அதுவே இயல்பு. தலை மேலே கட்டப்பட்ட குதிரை அவ்வாறு உந்த முடியாது. முதுகும் கால்களும் நோக, மூச்சுத் திணற இழுக்க வேண்டியதுதான். கதையிலே கரியழகனும் ஜிஞ்சரும் ஒரு சீமாட்டியின் வண்டிக்குச் செல்கிறார்கள். அங்குள்ள வண்டிக்காரருக்கு அந்த வார் தீங்கானது என்பது தெரியும். தெரிந்தும் என்ன? வாரை இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று சீமாட்டி கட்டளையிடுகிறாள். அவள் கையிலே சவுக்கு இல்லை. பட்டுக் கையுறைதான் இருக்கிறது. ஆயினும் அந்தக் கொடுமைக்கு உரியவள் அவளே.

இரண்டாவது, வண்டி வாடகை. இலண்டனில் சாம் என்ற ஏழை வண்டிக்காரன் வருகிறான். குதிரையைக் களைக்க ஓட்டுகிறான் என்று மற்றவர்கள் அவனைக் கடிந்துகொள்கிறார்கள். அவன் தன் கணக்கை எடுத்துரைக்கிறான். வண்டிக்கும் இரண்டு குதிரைகளுக்குமாக நாளொன்றுக்குப் பதினெட்டுச் சிலிங் வாடகையை உடையவனுக்குக் கட்டவேண்டும். அதைத் தேடிய பின்னர்தான் தன் பிள்ளைகளின் உணவுக்கு ஒரு காசேனும் மிஞ்சும். குதிரை ஓடாவிட்டால் பிள்ளைகள் பட்டினி. இந்த நிலையில் இரக்கத்தை எங்கே வைப்பது? சாம் சிறிது காலத்தில் நோயுற்று இறந்துபோகிறான். குதிரையை அடித்தவன் யார் என்ற கேள்விக்கு, அந்த வாடகையை வாங்கியவன் என்ற விடையையும் சேர்க்கும்படி அன்னா நம்மைத் தூண்டுகிறார்.

மூன்றாவது, பயணஞ் செய்பவர்கள். ஜெரி பார்க்கர் என்ற நல்ல வண்டிக்காரர் கரியழகனை அன்போடு வைத்திருக்கிறார். புத்தாண்டு இரவிலே இருவர் அவருடைய வண்டியில் ஒரு வீட்டுக்குச் சீட்டாடச் செல்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு வந்து அழைத்துப் போகும்படி கூறுகிறார்கள். பதினொரு மணிக்கு வந்த ஜெரி, பனியும் குளிர்காற்றும் வீசும் தெருவிலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்து நிற்கிறார். சீட்டாட்டம் முடிந்து அவர்கள் வெளிவந்தபோது மன்னிப்பாக ஒரு சொல்லும் இல்லை. அந்த இரவின் குளிரில் ஜெரி கடும் நோய்வாய்ப்பட்டு, வண்டித் தொழிலையே கைவிட நேர்கிறது. கரியழகன் மீண்டும் விலைக்குப் போகிறான். சீட்டாடியவர்கள் கொடியவர்களா? அல்லர். வெளியே ஒரு மனிதனும் ஒரு குதிரையும் நிற்பதை மறந்துவிட்டவர்கள், அவ்வளவே.

இம்மூன்றையும் படித்தபோதே என் ஐயம் எழுந்தது. ஒரு குழந்தை வண்டி வாடகை வாங்குவதில்லை, வாரை இறுக்கச் சொல்வதில்லை, சீட்டாடப் போவதுமில்லை. இவை வளர்ந்தவர்களுக்குச் சொல்லப்பட்டவை. நாமோ நூலைக் குழந்தைகளின் கையிலே கொடுத்துவிட்டு, அவர்கள் விழிநீர் சிந்துவதைக் கண்டு மகிழ்ந்து, நம் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

குழந்தைகளுக்கு இதில் இடமில்லை என்று நான் கூறவில்லை. மெரிலெக்ஸ் என்னும் மட்டக்குதிரை பிள்ளைகளைச் சுமந்து சலித்த ஒரு நாள் வருகிறது. பையன்கள் கம்பை வெட்டிக்கொண்டு அவனை அடித்து அடித்து ஓட்டுகிறார்கள். அவன் ஒருவரையும் கடிக்கவில்லை, உதைக்கவில்லை. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, ஏறியிருந்தவனை மெல்லச் சறுக்கிவிடுகிறான். மட்டக்குதிரையைப் பையன்கள் ஓர் இயந்திரமென எண்ணிக்கொள்கிறார்கள் என்பது அவனுடைய முறைப்பாடு. இதனைப் படித்துச் சிரிக்காத பிள்ளையில்லை. சிரித்தபின் சிந்திக்காத பிள்ளையுமில்லை.

ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் தாக்கிய பகுதி வேறொன்று. ஓர் இரவு, எசமானியின் உயிரைக் காக்க வைத்தியரை அழைத்துவருவதற்காகக் கரியழகன் நெடுந்தூரம் ஓடுகிறான். வியர்த்து, ஆவி பறக்க இலாயம் திரும்புகிறான். அங்கே ஜோ கிறீன் என்ற சிறுவன், வேலைக்குப் புதியவன், இருக்கிறான். அவன் நல்ல பையன். குதிரை தாகத்தோடு வந்திருக்கிறது என்று இரங்கிக் குளிர்ந்த நீரை நிறையக் கொடுக்கிறான். உடம்பு சூடாயிருக்கிறதே என்று எண்ணி மேலே போர்வை போடாமல் விடுகிறான். எல்லாம் அன்பினாலேயே செய்கிறான். விடிவதற்குள் குதிரைக்கு மார்ச்சளி கண்டு, உயிர் ஊசலாடுகிறது. சிறுவனின் தகப்பன் வந்து, அறியாமையால் செய்த பிழைதானே என்று மன்றாடுகிறான். ஜோன் மான்லி அதனை ஏற்பதாயில்லை. கெடுமதிக்கு அடுத்தபடியாக உலகில் பெருந்தீங்கு விளைப்பது அறியாமையே என்பது அவருடைய கட்சி.

இதனைப் படித்தபோது எனக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். நான் ஆசிரியப் பணியிற் சேர்ந்த புதிதில், கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதாமல், பக்கத்துப் பையனின் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான் ஒருவன். சோம்பேறி என்று முடிவு கட்டினேன். தண்டனையாக அவனைக் கடைசி வாங்குக்கு அனுப்பினேன். ஒரு தவணை முழுவதும் அவன் அங்கேயே இருந்தான். அடுத்த தவணையில் அவனுடைய தாயார் வந்து, பிள்ளைக்குத் தூரப் பார்வை குறைவு என்று வைத்தியர் சொன்னதாகக் கூறியபோது எனக்குப் பேச நா எழவில்லை. நான் அவனை அடித்ததில்லை; வைததுமில்லை. பார்க்க இயலாதவனைப் பலகையிலிருந்து இன்னும் தூரத்தில் வைத்தேன், அவ்வளவுதான். ஜோன் மான்லி அந்த வகுப்பறைக்கு வந்திருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பார் என்பதை நேயர்களே உணர்ந்துகொள்ளலாம்.

ஆயினும் அன்னா அறியாமையைப் பழித்ததோடு நிற்கவில்லை. அந்த ஜோ கிறீன் கற்றுக்கொள்கிறான். சில காலத்தின் பின், சேற்றிலே புதைந்த செங்கல் வண்டியை இழுக்க மாட்டாத குதிரைகளை ஒருவன் மூர்க்கமாய் அடிப்பதைக் கண்டு, அஞ்சாமல் முறையிட்டுச் சாட்சியஞ் சொல்பவனும் அவனே. கதையின் முடிவிலே, அடையாளந் தெரியாதபடி நலிந்துபோன கரியழகனை, நெற்றியிலுள்ள வெள்ளைப் புள்ளியையும் பழைய தழும்புகளையும் கொண்டு இன்னான் என அறிந்து, மகிழ்ந்து பேணுபவனும் அவனே. குதிரையைச் சாவின் வாயிலுக்குக் கொண்டுசென்ற கையே அதனை இறுதிவரை காக்கும் கையாகிறது. கல்வி என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கத்தை நான் கண்டதில்லை.

நூல் 1877 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் திகதி நோரிச் நகரத்து ஜரோல்ட் பதிப்பகத்தாரால் வெளியிடப்பட்டது. தலைப்பேட்டிலே ஆசிரியர் என்று அன்னா தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. குதிரை மொழியிலிருந்து பெயர்த்தவர் என்றே போட்டுக்கொண்டார். நூலுக்காக அவருக்குக் கிடைத்தது ஒரே முறையாகக் கொடுக்கப்பட்ட 40 பவுண் என்பர். அது வெளியாகி ஐந்து மாதங்களில், 1878 ஆம் ஆண்டு ஏப்பிரல் 25 ஆம் திகதி, தமது ஐம்பத்தெட்டாம் வயதில் அன்னா உயிர் நீத்தார். நூல் நன்கு வரவேற்கப்படுவதைக் கண்டார். அது உலகெங்கும் பரவப்போவதை அறியாமலே மறைந்தார். பக்ஸ்டனுக்கு அருகே இலாமஸ் என்ற ஊரிலுள்ள குவேக்கர் இடுகாட்டில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். அந்த இறுதி ஊர்வலத்துக்கென வந்த வண்டிக் குதிரைகளின் தலைகள் வாரினால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தனவாம். எண்பது வயதைக் கடந்த தாயார் அதனைக் கண்டு, வார்களையெல்லாம் கழற்றிய பிறகே புறப்பட வேண்டும் என்று கூறினார் எனச் சொல்லப்படுகிறது.

நூல் கடல் கடந்த வரலாறும் சுவையானது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே ஜோர்ஜ் ஏஞ்சல் என்ற வழக்கறிஞர், 1868 இல் மிருக வதைத் தடுப்புச் சங்கமொன்றை நிறுவியவர். அடிமைகளின் துயரை மக்கள் மனத்திற் பதித்த நூல், 1852 இல் வெளிவந்த 'டொம் மாமாவின் குடிசை'. குதிரைகளுக்கும் அத்தகைய ஒரு நூல் வேண்டுமென்று அவர் நெடுநாளாக அவாவியிருந்தார். அன்னாவின் நூல் கையில் வந்ததும், 1890 இல் அதனை மலிவுப் பதிப்பாக அச்சிட்டார். குதிரைகளின் 'டொம் மாமாவின் குடிசை' என்றே அதற்குத் துணைப்பெயரும் இட்டார். ஆங்கில நூல்களுக்கு அமெரிக்காவில் அப்பொழுது பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாதபடியால், எவரிடமும் அனுமதி பெறாமலே அவர் அச்சிட்டார். அது முறையா என்பது ஒருபுறமிருக்க, அவர் அந்நூலை யாருக்குக் கொடுத்தார் என்பதைப் பாருங்கள். வண்டிக்காரருக்கும், இலாயத்து வேலையாட்களுக்கும், சுமை வண்டி ஓட்டுநருக்கும் இலவசமாக வழங்கச் செய்தார். அதாவது அன்னா யாருக்காக எழுதினாரோ, அவர்கள் கையிலேயே நூல் போய்ச் சேர்ந்தது. இன்றுவரை உலகெங்கும் ஐந்து கோடிப் பிரதிகள் விற்பனையாகியிருக்கும் என மதிப்பிடுவர்.

பயன் யாது என்று கேட்கலாம். ஒரு நூல் மட்டும் உலகைத் திருத்திவிடுவதில்லை. தலையை இழுத்துக் கட்டும் வாருக்கு எதிராக எட்வேர்ட் பிளவர் என்பார் 1875 ஆம் ஆண்டிலேயே நூலெழுதிப் போராடியிருந்தார். ஆயினும் அவர் வாதத்தாற் கூறியதை அன்னா கதையாற் கூறினார். கதை வாதத்தினும் வேகமாகப் பரவியது. அந்த வார் நாளடைவில் வழக்கொழிந்தது. குதிரைகளின் வாலை அழகுக்காகத் தறிக்கும் வழக்கத்தையும் நூல் கண்டித்தது. அதனைத் தடைசெய்யும் சட்டம் பிரித்தானியாவில் 1949 ஆம் ஆண்டிலே வந்தது. அப்பொழுது அன்னா மறைந்து எழுபத்தோராண்டுகள் கடந்துவிட்டன. தெருக்களில் மோட்டார் வாகனங்கள் நிறைந்து, வண்டிக் குதிரைகளும் மறைந்துகொண்டிருந்தன.

குதிரைகள் தெருவை விட்டகன்றபின் குதிரைக் கதைகளும் வேறு வழியிற் சென்றன. 1936 இல் ஜோவானா கனன் என்ற மாது 'ஜீனுக்கு ஒரு மட்டக்குதிரை' என்ற கதையை எழுதினார். அதிலே கதை சொல்வது குதிரையன்று. குதிரையைப் பெற்ற சிறுமி. அவ்வெழுத்தாளரின் புதல்வியர் மூவரும் தாயைப் பின்பற்றிக் குதிரைக் கதைகள் பல எழுதிப் புகழ் பெற்றனர். அமெரிக்காவில் மார்கரீட் ஹென்றி 1947 இல் ஒரு தீவு மட்டக்குதிரையின் கதையை எழுதிக் குழந்தைகளின் உள்ளத்தைக் கவர்ந்தார். இவையெல்லாம் நல்ல நூல்களே. சவாரி, போட்டி, நட்பு, பரிவு என்பவற்றைப் பிள்ளைகளுக்கு இனிமையாகப் புகட்டுபவை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இவற்றுள் பலவற்றிலே, குதிரை வேண்டும் என்று ஏங்கும் பிள்ளையின் உள்ளம் பேசுகிறது. அன்னாவின் நூலிலோ, மனிதரிடம் அகப்பட்டுக்கொண்ட குதிரையின் உள்ளம் பேசுகிறது. பேச இயலாத ஒன்றின் இடத்திலே நின்று நம்மைப் பார்க்கும்படி அது நம்மை வற்புறுத்துகிறது.

நேயர்களே, இன்று நம்மில் மிகப் பலருக்குக் குதிரையோடு தொடர்பில்லை. ஆயினும் நம்முடைய அவசரத்தையும், நம்முடைய அலங்காரத்தையும், நம்முடைய மறதியையும் தம் முதுகிலே சுமப்பவர்கள் நம்மைச் சுற்றிலும் இருக்கிறார்கள். அவர்களுட் சிலர் நாற்கால் உடையவர்கள். பலர் இருகால் உடையவர்கள். நமக்காக வெளியே காத்து நிற்பவர் எவர், நாம் இழுக்கும் வார் யாருடைய கழுத்தில் இறுகுகிறது என்று கேட்டுப் பார்ப்பதற்கு வயது வரம்பில்லை.

இவ்வாண்டு எங்கள் நூலகத்துக்கு அந்நூலின் மற்றுமொரு பிரதியை வாங்கினேன். கிழிந்த பழைய பிரதி சிறுவர் அலுமாரியிலேயே இருக்கிறது. அங்கிருந்து அதனை அகற்றப் பிள்ளைகள் சம்மதிக்க மாட்டார்கள். புதிய பிரதியை ஆசிரியர் ஓய்வறையில், வரவுப் பதிவேட்டுக்குப் பக்கத்திலே வைத்திருக்கிறேன். நேயர்களுடைய வீட்டிலும் பிள்ளைகள் எவரேனும் அந்நூலைப் படித்துக்கொண்டிருப்பார்களாயின், அவர்கள் படித்து முடித்ததும் இரவல் வாங்கிப் படிக்குமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.